‘உங்கள் கண் சிறியது’ என்பது ஒரு அளவு அல்ல

பெயர் வெளியிட விரும்பாத 27 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாய் தமிழர். தந்தை சீன வம்சாவளியினர். முகத்தில், குறிப்பாகக் கண்களில், தந்தையையே கொண்டிருப்பதாகச் சொல்கிறார். மேலிமையில் மடிப்பு இல்லை. கண்ணின் உள்மூலையை மூக்குப் பக்கமிருந்து வரும் மெல்லிய தோல்மடிப்பு சற்றே மூடியிருக்கிறது. 12 வயதிலிருந்து கண்ணாடி அணிகிறார். இப்போதைய பவர் இரு கண்களிலும் மைனஸ் 4.50, கூடவே, கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரேபோல் இல்லாததைத் திருத்தும் சிலிண்டர் பவர் மைனஸ் 1.50, அது அமைய வேண்டிய திசையான அச்சு 180. வேலையின்போது பாதுகாப்புக் கவசம் அணிய வேண்டியிருப்பதால் காண்டாக்ட் லென்ஸுக்கு மாற விரும்பினார்.

முதல் முயற்சி ஒரு கண்ணாடிக் கடையில் நடந்தது. சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸை உள்ளே வைக்கவே இருபது நிமிடம் போராட வேண்டியிருந்தது. வைத்த பிறகும் இடது கண்ணில் ஒவ்வொரு இமைப்புக்கும் பார்வை தெளிவதும் மங்குவதுமாக இருந்தது. “உங்கள் கண் சிறியது, உங்கள் இனத்தாருக்கு லென்ஸ் ஒத்துவராது” என்று சொல்லி அங்கிருந்தவர் அனுப்பிவிட்டார். அதன்பின் இவரே இணையத்தில் தேடி, ‘ஆசியக் கண்களுக்கென்றே வடிவமைத்தது’ என்ற விளம்பரத்தோடு வந்த, ஓரத்தில் கரும்பழுப்பு வளையம் அச்சிட்ட லென்ஸை வாங்கியிருக்கிறார். அதன் உள்வளைவின் ஆரம் 8.6 மில்லிமீட்டர், விட்டம் 14.5 மில்லிமீட்டர். அதில் சிலிண்டர் பவர் கிடையாது. கண்ணாடிச் சீட்டிலிருந்த 4.50 என்ற எண்ணை அப்படியே கொடுத்திருக்கிறார். மூன்று மாதங்களாக நாளொன்றுக்கு 12 மணி நேரம் அணிகிறார். சில இரவுகளில் கழற்றாமலே தூங்கியும் விடுகிறார். லென்ஸ் உறுத்துவதில்லை, ஆனால் மாலையில் கண் சிவக்கிறது, கழற்றியதும் வெண்விழியில் வளையம்போல் ஒரு தடம் தெரிகிறது.

அவருடைய கேள்விகள் மூன்று. என் இனத்துக்கென்று தனி லென்ஸ் உண்டா? இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் லென்ஸ் பொருந்துமா? முகத்தைப் பார்த்தே என்னைத் திருப்பி அனுப்பியது சரிதானா? கடிதத்தின் கடைசி வரிகளில், தம்மைப் போலவே முக அமைப்புள்ள 13 வயதுத் தங்கையின் கண்ணில் அடிக்கடி நீர் வடிவதையும், வெளிச்சத்தில் கூச்சம் ஏற்படுவதையும் போகிற போக்கில் குறிப்பிட்டு, “அவளுக்கும் லென்ஸ் ஒத்துவராதா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன்பு, அந்த லென்ஸ் இப்போது உங்கள் கண்ணில் இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அதைக் கழற்றி வையுங்கள். அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். லென்ஸோடு பயன்படுத்தத் தக்க ஈரப்பதச் சொட்டு மருந்தைச் சில துளிகள் விட்டு, சற்று நேரம் மெல்ல இமைத்து, லென்ஸ் நகரத் தொடங்கிய பிறகு எடுங்கள். கண் மருத்துவர் ஒருவர் உங்கள் கண்களைப் பிளவு விளக்கு நுண்ணோக்கியில் பார்க்கும் வரை கண்ணாடியே போதும். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, லென்ஸைக் கழற்றிய பிறகும் கூடிக்கொண்டே போகும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் வருணித்திருக்கும் அறிகுறிகள் இறுக்கமான லென்ஸின் பாடநூல் வருணனைபோல இருக்கின்றன. ‘உறுத்தவில்லை’ என்று நீங்கள் ஆறுதலாகக் குறிப்பிட்டிருப்பதுதான் எனக்கு ஆறுதல் தரவில்லை. தளர்ந்த லென்ஸ் ஒவ்வொரு இமைப்புக்கும் நகர்ந்து இமையை உறுத்தி, தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கமான லென்ஸ் அசையாது என்பதால் தொடக்கத்தில் மிகவும் சுகமாக இருக்கும். அதன் அடியில் கண்ணீர் மாறாமல் தேங்குவதும், இறந்த செல்களும் கிருமிகளும் அங்கேயே தங்குவதும், லென்ஸின் ஓரம் வெண்விழியில் பதிவதும் மெதுவாக நடப்பவை.

இனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

‘கண் சிறியது’ என்று நாம் பேச்சில் சொல்லும்போது உண்மையில் இமைகளுக்கு இடையிலுள்ள திறப்பையே குறிக்கிறோம். உள்ளே இருக்கும் விழிக்கோளம் வேறு விஷயம். வளர்ந்த மனிதரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் இன்னும் நீண்டிருக்கும். ஆகவே மைனஸ் 4.50 பவர் உள்ள உங்கள் விழி, சராசரியைவிடப் பெரியதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சன்னல் சிறியதாக இருப்பதால் அறையும் சிறியது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக இன வேறுபாடே கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். சீன, ஜப்பானிய, கொரிய வம்சாவளியினரையும் ஐரோப்பிய வம்சாவளியினரையும் ஒப்பிட்டு அளந்த ஆய்வுகள் சில வேறுபாடுகளைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கிழக்கு ஆசியரின் இமைத்திறப்பு சராசரியாக உயரம் குறைந்தது. கண்ணின் வெளிமூலை உள்மூலையைவிடச் சற்று மேலே இருப்பது அதிகம். மேலிமையை உயர்த்தும் தசைநாரின் இழைகள் இமைத்தோலோடு இணையும் விதம் வேறுபடுவதாலும், இமைக்குள் இருக்கும் கொழுப்பு சற்றுக் கீழே வரை இறங்கியிருப்பதாலும் பலருக்கு இமைமடிப்பு தோன்றுவதில்லை, அல்லது தாழ்வாகத் தோன்றுகிறது. விழியின் முன்பக்கத்தில் கண்ணாடி மூடிபோல் அமைந்த கார்னியாவின் அகலமும் சராசரியில் சற்றுக் குறைவு.

எவ்வளவு குறைவு என்று பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகும். கார்னியாவின் அகலத்தில் இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் எந்த ஒரு குழுவை எடுத்துக்கொண்டாலும் அதற்குள்ளேயே 11 மில்லிமீட்டர் அகலமுள்ளவரும் இருப்பார், 12.5 மில்லிமீட்டர் அகலமுள்ளவரும் இருப்பார். குழுவுக்குள் இருக்கும் வேறுபாடு குழுக்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிது. எனவே ஒருவரின் வம்சாவளி, எந்த லென்ஸை முதலில் எடுத்துப் பார்க்கலாம் என்று ஊகிக்க உதவலாமே தவிர, அளக்கும் வேலையை அது செய்யாது. அதிலும் ‘ஆசியர்’ என்ற சொல் அறிவியல் கட்டுரைகளில் பெரும்பாலும் கிழக்கு ஆசியரையே குறிக்கிறது. தெற்காசியரின் இமை அமைப்பு அவர்களிடமிருந்து வெகுவாக வேறுபட்டது. தாய் வழியில் ஒன்றும் தந்தை வழியில் ஒன்றுமாக இரண்டையும் கொண்ட உங்களை எந்தச் சராசரியில் சேர்ப்பது? இமையைத் தந்தையிடமிருந்தும் கார்னியாவின் அகலத்தைத் தாயிடமிருந்தும் நீங்கள் பெற்றிருக்கலாம். முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது.

உள்மூலைத் தோல்மடிப்பும் கிழக்கு ஆசியாவுக்கு மட்டும் உரியதல்ல. தென் ஆப்பிரிக்கப் பகுதியின் சான் மக்களிடமும் அது காணப்படுகிறது. எல்லா இனத்துப் பச்சிளங் குழந்தைகளில் பலருக்கும் இருந்து, மூக்குத்தண்டு உயர உயர மறைந்துவிடுகிறது. அந்த மடிப்பு லென்ஸைத் தொடுவதே இல்லை.

லென்ஸ் பொருத்தும் என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நானும் முகத்தைப் பார்த்து லென்ஸ் எடுத்தவன்தான். அகன்று விரிந்த கண்களுடைய ஒருவருக்கு, அளக்காமலே, கையிருப்பில் இருந்தவற்றுள் பெரிய விட்டமுள்ளதை எடுத்து வைத்தேன். அது கல்லாய் ஒட்டிக்கொண்டது. பிறகு அளந்தபோது அவருடைய கார்னியா, அன்று நான் பார்த்தவர்களில் மிகச் சிறியது. அவருக்கு இமைகள் நன்றாக விரியத் திறந்திருந்தன, அவ்வளவுதான்.

பெட்டியின் மேலுள்ள இரண்டு எண்கள்

உங்கள் லென்ஸில் உள்வளைவு 8.6, விட்டம் 14.5 என்று இருப்பதையும், இணையத்தில் பலர் 8.6 பொருந்தும் என்று எழுதியிருந்ததால் அதைத் தேர்ந்ததாகவும் சொல்கிறீர்கள். உள்வளைவு மட்டும் ஒரு மென் லென்ஸின் பொருத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. லென்ஸ் என்பது ஒரு சிறு கிண்ணம். அது கண்ணோடு பொருந்துமா என்பதைச் சொல்வது கிண்ணத்தின் ஆழம். அந்த ஆழம் வளைவையும் அகலத்தையும் சேர்த்தே அமைகிறது. எளிய வட்டக் கணக்காகவே போட்டுப் பாருங்கள்: 8.6 வளைவும் 14.0 விட்டமும் கொண்ட கிண்ணத்தின் ஆழம் ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர். வளைவை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 14.5 ஆக்கினால் ஆழம் 4.0க்கு அருகில் வந்துவிடும். மாறாக, விட்டத்தை 14.0லேயே வைத்துக்கொண்டு வளைவை 8.4 ஆக இறுக்கினால் ஆழம் 3.75 அளவுக்குத்தான் போகும். அரை மில்லிமீட்டர் விட்டம் செய்யும் வேலை, எல்லோரும் கவலைப்படும் அந்த 0.2 வளைவு செய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உண்மையான லென்ஸ்கள் இவ்வளவு எளிய வட்டங்கள் அல்ல. பொருளின் விறைப்பும் ஓரத்தின் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஒரே எண்கள் அச்சிட்ட இரண்டு லென்ஸ்கள் ஒரே கண்ணில் வெவ்வேறு விதமாக அமர்வதும் உண்டு.

இனி கண்ணின் பக்கம் வருவோம். கார்னியாவின் வளைவு ஆரம் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர், அதைச் சூழ்ந்த வெண்விழியின் ஆரம் ஏறத்தாழ 12. அதாவது, தட்டையான பெரிய குன்றின் மேல் செங்குத்தான சிறு குன்று ஒன்று நிற்கிறது. சிறு குன்றின் அடி அகலம் குறைந்தால், லென்ஸ் மூடும் பகுதியின் மொத்த உயரமும் குறையும். இதனால்தான் கார்னியாவின் மைய வளைவு இருவருக்கு ஒன்றாகவே இருந்தாலும், ஒருவருக்கு 11 மில்லிமீட்டரும் மற்றவருக்கு 12.3 மில்லிமீட்டரும் அகலம் இருக்குமானால், ஒரே லென்ஸ் முதலாமவருக்கு இறுக்கமாகவும் இரண்டாமவருக்குத் தளர்வாகவும் அமைகிறது. மென் லென்ஸின் விளிம்பு கார்னியாவைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் போதும். உங்கள் கார்னியாவின் அகலம் 11.2 என்று வைத்துக்கொண்டால், 14.5 மில்லிமீட்டர் லென்ஸ் ஒவ்வொரு பக்கமும் 1.65 மில்லிமீட்டர் தாண்டி வெண்விழியின் மேல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் காணும் வளையத் தடம் அங்கிருந்துதான் வருகிறது என்று கருதுகிறேன்.

‘வைத்துக்கொண்டால்’ என்று சொல்லக் காரணம், உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அந்த அளவு எங்கும் இல்லை. இரண்டு முறை லென்ஸ் அணிந்து பார்த்தும் உங்கள் கார்னியாவின் அகலத்தை யாரும் அளக்கவே இல்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ‘ஆசியக் கண்களுக்கென்றே’ என்று விற்கப்படும் வளைய லென்ஸ்கள் பல, வழக்கமான லென்ஸ்களைவிட அகலமாகவே வருகின்றன. விழி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். கார்னியா சிறியவர்களுக்கு வேண்டியதோ அதற்கு நேரெதிரானது. அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தத் தர நிர்ணயமும் கிடையாது. அது ஓர் அழகுச் சொல் மட்டுமே.

உங்கள் முதல் கேள்விக்கான விடையும் இதுதான்: இனத்துக்கென்று தனி லென்ஸ் இல்லை, அளவுக்கென்று உண்டு. விட்டம் 13.8 உள்ள ஆயத்த லென்ஸ்கள் கிடைக்கின்றன. அவையும் பொருந்தாதபோது விட்டத்தையும் வளைவையும் தனித்தனியே குறிப்பிட்டு, ஒருவருக்கென்றே கடைந்து தரும் மென் லென்ஸ்களும் உண்டு. இந்தத் தொழிலின் வரலாறே அப்படித் தொடங்கியதுதான். 1948இல் அமெரிக்காவில் கெவின் டூஹி கார்னியாவின் மேல் மட்டும் அமரும் பிளாஸ்டிக் லென்ஸை உருவாக்கினார். 1951இல் ஜப்பானில் கியோய்ச்சி தனாக்கா அந்நாட்டின் முதல் கார்னியா லென்ஸைச் செய்தார். அந்தக் கடின லென்ஸ்களைக் கண்ணை அளக்காமல் பொருத்தவே முடியாது. தவறினால் அணிந்தவர் ஐந்து நிமிடத்தில் கழற்றி வீசிவிடுவார். 1961இல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே தம் வீட்டில், பிள்ளைகளின் உலோகக் கட்டுமான விளையாட்டுப் பாகங்களைக் கொண்டு செய்த கருவியில் மென் லென்ஸைச் சுழற்றி வார்த்த பிறகு எல்லாம் எளிதாயிற்று. மென் லென்ஸ் வளைந்துகொடுக்கும், பொறுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வளைவுகளில் ஆயிரக்கணக்கில் வார்த்துப் பெட்டியில் அடைத்தாலும் பெரும்பாலோருக்கு ஏறத்தாழப் பொருந்திவிடும். அந்தப் பெரும்பாலோருக்கு வெளியே இருப்பவர்கள்தான் ‘லென்ஸ் ஒத்துவராதவர்கள்’ என்ற பெயரை வாங்குகிறார்கள்.

இடது கண்ணில் பார்வை ஏன் அலைந்தது

முதல் முறை வைத்த டோரிக் லென்ஸைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பயனுள்ள தகவல். சிலிண்டர் பவர் ஒரு குறிப்பிட்ட அச்சில் வேலை செய்வது. லென்ஸ் கண்ணில் சுழன்றால் அச்சும் சுழலும். 10 டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 டிகிரி திரும்பினால், அந்தச் சிலிண்டர் பவரைப் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். இமைக்க இமைக்கப் பார்வை தெளிந்து மங்கியது, லென்ஸ் நிலைகொள்ளாமல் திரும்பிக்கொண்டிருந்ததையே காட்டுகிறது.

டோரிக் லென்ஸை நிலைநிறுத்துவது பெரும்பாலும் இமைகளே. லென்ஸின் ஒரு பகுதியைத் தடித்தும் ஒரு பகுதியை மெலிந்தும் செய்கிறார்கள். இரு விரல்களுக்கு இடையே அழுத்தினால் ஈரமான தர்பூசணி விதை நழுவி ஓடுவதைப்போல, மேலிமை இறங்கும்போது தடித்த பகுதி அதன் பிடியிலிருந்து நழுவித் தன் இடத்துக்குப் போகும். இமைத்திறப்பு குறுகியும், இமை இறுக்கமாகவும், கண் வெளிமூலை நோக்கிச் சற்று உயர்ந்தும் இருந்தால், அந்த அழுத்தம் சாய்வாக விழுந்து லென்ஸைத் திருப்பக்கூடும். உங்கள் கண்ணின் தோற்றம் உண்மையில் தொடர்புபடும் இடம் இதுதான். ஆனால் இதற்கு விடைகளும் உண்டு. லென்ஸ் எப்போதும் ஒரே கோணத்தில் திரும்பி நின்றால், அந்தக் கோணத்தைக் கணக்கில் சேர்த்து அச்சை மாற்றிக் கொடுக்கலாம். நிற்காமல் அலைந்தால், கீழ்ப்பகுதி கனமான வடிவத்திலிருந்து மேலும் கீழும் மெலிந்த வடிவத்துக்கோ, அதிலிருந்து இதற்கோ மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வடிவத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது அவசரம்.

பவரைப் பற்றியும் ஒரு திருத்தம். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணின் மேலேயே அமர்கிறது. பவரின் அலகான டயாப்டரில் 4ஐத் தாண்டிய பவர்களில் இந்த இடைவெளியைக் கணக்கிட்டாக வேண்டும். உங்கள் மைனஸ் 4.50, சிலிண்டர் மைனஸ் 1.50 என்பது லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 4.25, சிலிண்டர் மைனஸ் 1.25 ஆகும். இப்போது நீங்கள் அணிவதில் சிலிண்டரே இல்லை. இரவில் விளக்குகள் இழுபட்டுத் தெரிந்திருக்குமே. அதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது.

லென்ஸை உள்ளே வைக்க இருபது நிமிடம் ஆனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் திறப்பின் வழியே 14 மில்லிமீட்டர் லென்ஸை நுழைக்கிறோம். எல்லோருக்குமே அது வளைத்து நுழைக்கும் வேலைதான். மறுகையின் விரலால் மேலிமையை மயிர்க்காலுக்கு அருகிலேயே பிடித்து உயர்த்த வேண்டும். இமையின் நடுவில் பிடித்தால் மடிப்பில்லாத இமை நழுவிக் கீழே வந்துவிடும். லென்ஸ் ஏந்தும் விரல் நுனி உலர்ந்திருக்கட்டும். மேலே பார்த்துக்கொண்டு கீழ் வெண்விழியில் லென்ஸை வைத்துவிட்டு, மெல்லக் கீழே பாருங்கள். விட்டம் சற்றுக் குறைந்த லென்ஸ் கிடைத்தால் இது இன்னும் எளிதாகும்.

கடின லென்ஸும் உங்களுக்கு ஒரு வாய்ப்புத்தான். அதன் விட்டம் 9, 10 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் நுழைப்பது எளிது. சிலிண்டர் பவர் கார்னியாவின் வடிவத்தால் வந்ததென்றால் அதைத் தானாகவே பெரிதும் சமன்செய்யும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்ல வேண்டும். தாழ்ந்து இறுகிய மேலிமை அதைக் கீழே தள்ளக்கூடும் என்பதால், மேலிமையில் தொங்கவிடாமல் இரு இமைகளுக்கு இடையே நிற்கும்படி அதை வடிவமைக்க வேண்டியிருக்கும். அடுத்து, பல ஆண்டுகள் கடின லென்ஸ் அணிந்தவர்களிடம் மேலிமை சற்றுத் தொய்வது காணப்பட்டிருக்கிறது. எனவே இமையைப் பக்கவாட்டில் இழுத்துக் கழற்றும் பழைய முறையைக் கற்காமல், லென்ஸில் ஒட்டி எடுக்கும் சிறு ரப்பர் உறிஞ்சியால் கழற்றக் கற்றுக்கொள்வது நல்லது.

உலர்வு, இரவுத் தூக்கம்

லென்ஸ் பொருந்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. 2017இல் வெளியான உலர்கண் பற்றிய பன்னாட்டு அறிக்கை, ஆசிய இனத்தைத் தொடர்ந்து காணப்படும் அபாயக் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இமையை முழுவதும் மூடாமல் பாதி இமைக்கும் பழக்கம் கிழக்கு ஆசியரிடம் கூடுதலாகக் காணப்படுவது இதற்கான காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம். ஆகவே கண்ணீர்ப்படலம் எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் எப்படி இருக்கின்றன என்பதையும் லென்ஸுக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். 12 மணி நேரம் என்பதை எந்த லென்ஸிலும் இலக்காக வைக்காதீர்கள்.

லென்ஸோடு தூங்குவதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கார்னியாவில் இரத்தக் குழாய் கிடையாது. அது தன் ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூடிய இமைக்குள் அது ஏற்கெனவே குறைவு; அதன் மேல் அசையாத லென்ஸும் இருந்தால் மேலும் குறையும். பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்குக் கார்னியாவில் கிருமித்தொற்று வருகிறது. தூக்கத்திலும் அணிபவர்களில் அது ஏறத்தாழ 20 பேர். பார்வையையே பறிக்கக்கூடிய தொற்று அது.

இமை மடிப்பு அறுவைச் சிகிச்சை

ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896இல் இந்த அறுவையைப் பற்றி எழுதிய காலம் தொட்டு, இது அழகு சார்ந்த அறுவையாகவே இருந்துவருகிறது. அதை நீங்கள் விரும்பினால் அது உங்கள் முகம், உங்கள் முடிவு. அதில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன். லென்ஸுக்காக என்றால் மட்டும் வேண்டாம் என்பேன். இமையில் மடிப்பு விழுவதால் கார்னியாவின் அகலமோ வளைவோ வெண்விழியின் வடிவமோ மாறாது. அறுவைக்குப் பின் சில காலம் இமை சரியாக மூடாமலும் கண் உலர்ந்தும் இருக்கக்கூடும். இமையின் அழுத்தம் மாறுவதால் சிலிண்டர் பவரும் சற்று அசையலாம். எப்போதாவது வேறு காரணத்துக்காக அதைச் செய்துகொண்டால், இமை முழுமையாக ஆறிய பிறகு லென்ஸைப் புதிதாக அளந்து வாங்குங்கள்.

உங்களை அனுப்பிவிட்டது சரிதானா

சரியில்லை. ஆனால் அதைப் பகை என்று நான் கருதவில்லை. சோம்பல் என்று கருதுகிறேன். இமைத்திறப்பைக் கவனித்தது தவறல்ல, அது அவருடைய வேலை. கவனித்ததும் அளப்பதை நிறுத்தியதுதான் தவறு. லென்ஸ் அணிய வேண்டாம் என்று ஒருவருக்குச் சொல்ல நியாயமான காரணங்கள் உண்டு: கடும் உலர்வு, ஆறாத இமைநோய், மீண்டும் மீண்டும் வரும் தொற்று போன்றவை. இனம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அடுத்த இடத்திலும் மறுத்தால், ‘எதை அளந்தீர்கள், அளவு என்ன, எந்த லென்ஸை வைத்துப் பார்த்தீர்கள், அது எப்படி அசைந்தது’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் கண்ணின் அளவுகளையும் இறுதி லென்ஸ் சீட்டையும் கேட்டுப் பெறுவது நியாயமானது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், லென்ஸ் பொருத்தி முடிந்ததும் நோயாளி கேட்காவிட்டாலும் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதே நாட்டில் 2005 முதல், பவரே இல்லாத அழகு லென்ஸும் மருத்துவக் கருவியாகவே கருதப்படுகிறது. பிற நாடுகளில் விதிகள் வேறுபடும்; சட்டத்தை நாட வேண்டிய அளவுக்கு இது போகாது என்றும் நம்புகிறேன்.

அளக்கத் தெரிந்த ஒருவரிடம் போனால் நடக்க வேண்டியது இது. கார்னியாவின் அகலத்தையும் வளைவுகளையும் இமைத்திறப்பின் உயரத்தையும் அளப்பார். சோதனை லென்ஸை வைத்து, அது நிலைகொள்ளச் சற்று நேரம் கொடுத்துவிட்டு, இமைத்தபின் எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பார். கால் மில்லிமீட்டரை ஒட்டிய அசைவு நல்லது. கீழிமையால் லென்ஸை மெல்ல மேலே தள்ளி, அது தடையின்றி நகர்ந்து திரும்புகிறதா என்று பார்ப்பார். சில நாள் அணிந்தபின் மாலை வேளையில் ஒருமுறை வரச் சொல்வார். காலையில் பொருந்தியது மாலையில் இறுகலாம். கருவிழி வளைய அழகு வேண்டுமென்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். வளையத்தின் அகலமும் லென்ஸின் விட்டமும் ஒன்றல்ல. சிறிய லென்ஸிலும் வளையம் அச்சிட முடியும்.

தங்கையைப் பற்றி

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் குடும்பத்தில் முதலில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் உங்கள் தங்கைதான். கிழக்கு ஆசிய வம்சாவளிக் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும் ஒரு நிலை உண்டு: கீழிமையின் ஓரத்தில் தோலும் தசையும் சற்று மேலேறி மடிந்து, இமைமயிர்களைக் கண்ணை நோக்கித் திருப்பிவிடும். மயிர்கள் கார்னியாவை உரசுவதால் நீர் வடியும், வெளிச்சம் கூசும், குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். வளர வளரப் பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் 13 வயதிலும் அறிகுறிகள் இருந்தால், கார்னியாவில் கீறல்கள் இருக்கின்றனவா, சிலிண்டர் பவர் கூடியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தேவைப்பட்டால் சிறிய இமை அறுவையால் சரிசெய்யலாம். கண் ஒவ்வாமை உட்பட வேறு காரணங்களும் இருக்கக்கூடும். நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அவளுக்கு லென்ஸ் ஒத்துவருமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். வயது அதற்குத் தடையல்ல. கார்னியாவின் அகலம் இரண்டு வயதை ஒட்டியே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. உங்கள் அளவுகளைக் கொண்டு அவளுக்கு வாங்காதீர்கள், உங்கள் லென்ஸை அவளிடம் கொடுத்து வைத்துப் பார்க்கவும் விடாதீர்கள். இந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கண்ணையும் அன்றே காட்டிவிடலாம். போகும்போது அந்த லென்ஸ் பெட்டியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதன் மேலுள்ள எண்களும், உங்கள் வெண்விழியில் எஞ்சியிருக்கும் தடமும் சேர்ந்து மருத்துவருக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.